மாற்கு 7:11-ல் வரும் 'கொர்பான்': அந்த மகன் காசைக் கொடுத்தானா, இல்லையா?

ஒற்றைப்பனை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பைபிளில் மாற்கு 7-ஆம் அதிகாரம் வாசித்தோம். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய உதவியை ஒருவன் 'கொர்பான்' என்று சொல்லிவிட்டால் அவன் கடமை தீர்ந்தது என்கிறீர்களே என்று, யூத மதச்சட்டத்தில் கறாரான பரிசேயர்களை இயேசு கண்டிக்கிற இடம். 11-ஆம் வசனத்தில் 'கொர்பான் என்னும் காணிக்கை' என்று வருகிறதே, அங்கே வண்டி நின்றுவிட்டது. செய்தி கொடுத்தவர் சொன்ன விளக்கம் இது: அந்தக் காலத்தில் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குச் செலவழிக்க வேண்டிய பணத்தை எருசலேம் தேவாலயத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, 'கடவுளுக்குக் கொடுத்தாயிற்று, உங்களுக்குத் தர ஒன்றுமில்லை' என்று கைவிரிப்பார்களாம். ஆலயத்துக்கு வருமானம் என்பதால் ஆசாரியர்களும் கண்டுகொள்ளவில்லையாம்.

எனக்கு இது ஒட்டவே இல்லை. பெற்றவளுக்கு மாதம் நாலு காசு கொடுக்க மனம் வராதவன், மொத்தத்தையும் எடுத்துக் கோயிலில் கொட்டுவானா? கஞ்சனுக்கு இதில் என்ன லாபம்? கேட்டேன். 'வசனத்தில் அப்படித்தானே இருக்கிறது' என்று முடித்துவிட்டார்கள்.

நான் இதில் இவ்வளவு மெனக்கெடுவதற்கு வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. என் அண்ணன் ஒருவர் மூன்று வருடமாக அம்மாவின் மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்புவதில்லை. கேட்டால், 'அது ஊழியத்துக்குப் பொருத்தனை பண்ணின பணம், தொட முடியாது' என்கிறார் (கடவுளுக்கு நேர்ந்துகொள்வதைத்தான் நாங்கள் பொருத்தனை என்போம்). பணம் ஊழியத்துக்கும் போகவில்லை, அவர் கணக்கிலேயே பத்திரமாக இருக்கிறது. அதனால் கொர்பான் என்ற எபிரேயச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம், சொல்லின் பொருள் போதும்.

குழித்துறையான்

எங்கள் பக்கம் மலங்கரைக் கோயில்களில் திருப்பலியையே குர்பானா என்றுதான் சொல்வோம், 'காலையில் குர்பானா எத்தனை மணிக்கு' என்றுதான் கேட்பார்கள். அது சிரியாக் மொழிச் சொல். உங்கள் கொர்பானும் அதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் என்று எங்கள் அச்சன், அதாவது பாதிரியார், சொல்லியிருக்கிறார். பொருள் பலி.

காயல்காற்று

நாங்கள் ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பானி கொடுக்கிறோமே, அதுவும் இதே வேர்தான். அரபியில் குர்பான். நம் பேச்சில் இருக்கிற 'குர்பானி' பாரசீகம், உருது வழியாக வந்த வடிவம். ஆலிம்கள் உள்ஹிய்யா என்றுதான் சொல்வார்கள். குர்ஆனில் குர்பான் என்ற சொல் மூன்றே இடத்தில் வருகிறது. அதில் ஒன்று ஐந்தாவது அத்தியாயம் 27-ஆம் வசனம், ஆதமுடைய இரண்டு மகன்கள் குர்பான் கொடுத்தது, ஒருவருடையது ஏற்கப்பட்டது, இன்னொருவருடையது ஏற்கப்படவில்லை. காயீன், ஆபேல் கதை உங்களுக்கும் தெரியும். உங்கள் எபிரேயத்திலும் அங்கே கொர்பான் என்றுதான் இருக்க வேண்டும்.

பழஞ்சுவடி

காயல் தம்பி சொன்னதில் முக்கால்வாசி சரி, கடைசி வரி மட்டும் சரியில்லை. ஆதியாகமம் 4-ல் எபிரேயத்தில் இருப்பது கொர்பான் இல்லை, 'மின்ஹா'. காயீன் கொண்டுவந்த விளைச்சலுக்கும் அதே சொல், ஆபேல் கொண்டுவந்த ஆட்டுக்கும் அதே சொல். மின்ஹா என்றால் பெரியவர் முன் போகும்போது கையில் எடுத்துப்போகிற பொருள். யாக்கோபு அண்ணன் ஏசாவைச் சமாதானப்படுத்த மந்தை மந்தையாக அனுப்பினாரே, அதுவும் மின்ஹாதான். ஏகூத் என்பவர் மோவாப் ராஜா எக்லோனுக்குக் கொண்டுபோன கப்பமும் மின்ஹாதான். பிற்பாடு லேவியராகமத்தில் அது மாவும் எண்ணெயும் சேர்ந்த படையலுக்குத் தனிப்பெயராகிவிட்டது, தமிழில் போஜனபலி.

இப்போது கொர்பானுக்கு வருவோம். மூன்று மெய்யெழுத்து வேர்: க, ர, ப. அடிப்படைப் பொருள் 'கிட்டே'. காரோவ் என்றால் பக்கத்தில் இருப்பது. ஹிக்ரீவ் என்றால் கிட்டே கொண்டுவருதல். அப்படிக் கொண்டுவரப்பட்டது கொர்பான். அவ்வளவுதான் சொல்லின் உடம்பு. அதற்குள் கொல்லுதலும் இல்லை, எரித்தலும் இல்லை, 'இழத்தல்' என்ற பொருளும் இல்லை. வெட்டுவதற்குத் தனிச்சொல் இருக்கிறது, ஸெவஹ். பலிபீடத்துக்கு மிஸ்பெயஹ் என்று பெயர் வந்தது அதிலிருந்துதான், அறுக்கிற இடம் என்று பொருள். காயல் தம்பிக்கு அதே வேர் அரபியில் தபஹ் என்று நன்றாகவே தெரிந்திருக்கும். முழுசாக எரித்துவிடும் பலிக்கு ஓலா, 'மேலே ஏறுவது'. தமிழ் வேதாகமத்தில் சர்வாங்க தகனபலி என்று இருக்கிறது, அது எரிப்பதைச் சொல்கிறது, புகையாக ஏறுவதைச் சொல்லவில்லை. கிரேக்கக்காரர்கள் 'முழுக்க எரிந்தது' என்று பெயர்த்த வழியில் வந்தது அது. அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ஹோலோகாஸ்ட் என்ற பெயரும் வந்தது. கொலையைப் பலி என்று சொல்வதா என்று அதை வேண்டாமென்று, ஷோவா, அதாவது பேரழிவு, என்றே சொல்லும் யூதர்கள் பலர்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே விரித்த குடை மாதிரி கொர்பான். எபிரேய வேதத்தில் ஏறத்தாழ 80 இடங்களில் வருகிறது, இரண்டு இடம் எசேக்கியேலில், மிச்சமெல்லாம் லேவியராகமத்திலும் எண்ணாகமத்திலும்.

சந்தேகப்பேர்வழி

ஐயா, மன்னிக்கணும். வேர்ச்சொல்லைத் தோண்டி எடுத்து 'ஆஹா, பலி என்றால் இறைவனிடம் நெருங்குவது' என்று உருகுவது எனக்கு ஒத்துவராது. மேசை மேல் இருப்பது ஆடு. கழுத்து அறுபடுகிறது. ரத்தத்தைப் பீடத்தில் தெளிக்கிறார்கள். அதை 'நெருக்கம்' என்று சொன்னால் ஆட்டுக்கு ஒன்றும் ஆறுதல் இல்லை. சொல்லின் பொருள் வேரில் இல்லை, புழக்கத்தில் இருக்கிறது. நாற்காலி என்பதற்கு நாலு கால் என்று பொருள், மூன்று கால் உள்ளதையும் நாற்காலி என்றுதானே சொல்கிறோம்?

பழஞ்சுவடி

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் சாம்சன் ரபாயேல் ஹிர்ஷ் என்ற ரபி, அதாவது யூத மதகுரு, ஜெர்மன் மொழியில் பலிக்கு இருக்கிற சொல்லே தப்பு, கொர்பானில் இழப்பு என்ற எண்ணமே கிடையாது, நெருங்குவதுதான் பொருள் என்று அழுத்தமாக எழுதினார். இன்று நாம் கேட்கும் பல பிரசங்கங்கள் அதன் நிழல்தான். நான் அந்த உருக்கத்துக்குப் போகவில்லை. நீங்கள் கேட்ட புழக்கத்துக்கே வருகிறேன்.

எண்ணாகமம் 7-ஆம் அதிகாரம், மூன்றாம் வசனம். இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தை நிறுத்தின பிறகு தலைவர்கள் தங்கள் கொர்பானைக் கொண்டுவருகிறார்கள். என்ன கொண்டுவந்தார்கள்? ஆறு கூண்டு வண்டி, பன்னிரண்டு மாடு. மாட்டை வெட்டினார்களா? இல்லை. கூடாரத்தின் சாமான்களை ஏற்றி இழுக்க, கூடாரப் பணி செய்கிற லேவியரிடம் கொடுத்தார்கள், கெர்சோன் வம்சத்துக்கு இரண்டு வண்டி நாலு மாடு, மெராரி வம்சத்துக்கு நாலு வண்டி எட்டு மாடு. வண்டி கொர்பான்! அதே அதிகாரத்தில் பன்னிரண்டு நாள், ஒரு நாளுக்கு ஒரு கோத்திரத் தலைவர் என்று வந்து வைக்கிறார்கள். 130 சேக்கல் எடையுள்ள வெள்ளித் தட்டு, 70 சேக்கல் வெள்ளிக் கலம், தூபவர்க்கம் நிறைந்த 10 சேக்கல் பொன் கரண்டி, அப்புறம் ஆடு மாடுகள். மொத்தமும் கொர்பான். நம் தமிழ் வேதாகமக்காரர்கள் லேவியராகமம் தொடக்கத்தில் 'பலி' என்று போட்டவர்கள், இங்கே வந்ததும் 'அவனுடைய காணிக்கையாவது' என்று மாற்றிக்கொண்டார்கள். வெள்ளித் தட்டைப் பலி என்று எப்படிச் சொல்வது, பாவம்.

இன்னும் ஒன்று, எண்ணாகமம் 31:50. போரிலிருந்து திரும்பிய படைத்தலைவர்கள் காப்பு, கடகம், மோதிரம், காதணி என்று அகப்பட்ட பொன்னைக் கொர்பானாகக் கொண்டுவருகிறார்கள். 16,750 சேக்கல். ஒரு சொட்டு ரத்தமில்லை.

சரி, கிட்டே கொண்டுவருதல் என்ற வினை கடவுளுக்கு மட்டுமா என்றால் அதுவும் இல்லை. எக்லோன் ராஜாவுக்குக் கப்பம் கொடுத்ததற்கு அதே வினைதான். மல்கியா 1:8-ல் தீர்க்கதரிசி திட்டுகிறார்: குருடும் நொண்டியுமாக ஆட்டைக் கொண்டுவருகிறீர்களே, அதை உன் அதிபதியிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பார், அவர் உன்மேல் பிரியப்படுவாரா என்று. அங்கேயும் அதே வினை. ஆக இது முதலில் அரண்மனை வாசல் வழக்கு. பெரியவர் சமூகத்தில் வெறுங்கையோடு போகக்கூடாது, கொண்டுபோய் முன்னால் வைக்க வேண்டும். அதுதான் கொர்பான்.

(கராவ் என்றால் எபிரேயத்தில் போர் என்பதும் இதே மூன்று எழுத்துதான். இஸ்ரேல் படையினர் கற்கும் கிராவ் மகா என்ற சண்டைக்கலையின் பெயரில் இருக்கிற கிராவ் அதுதான். சந்தேகப்பேர்வழி இனி 'நெருக்கம் என்றால் அடிதடி' என்று கிளம்பலாம்.)

அய்யனார்குதிரை

படிக்கப் படிக்க எங்கள் ஊர்க் கிடா ஞாபகம்தான் வருகிறது. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா இருக்கும், மஞ்சள் தண்ணி தெளித்து விட்டுவிடுவார்கள். அதை விற்க முடியாது, சீர் செய்ய முடியாது, சொந்தக்காரனே வெட்டித் தின்ன முடியாது. ஊரில் எவன் கொல்லையில் மேய்ந்தாலும் ஒருத்தனும் கல் எறிய மாட்டான். 'என்னடா சாமிக்கு நேர்ந்துவிட்ட மாதிரி திரியுறே' என்று வேலைவெட்டி இல்லாத பையன்களைத் திட்டுவது அதை வைத்துத்தான். அதாவது கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே, வாயால் சொன்ன அன்றைக்கே அது வேற பொருளாகிவிடுகிறது. எபிரேயத்திலும் இப்படி உண்டா?

பழஞ்சுவடி

உண்டு. நீங்கள் எழுதியதில்தான் ஒற்றைப்பனை அம்மா கேட்ட கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. சாயங்காலம் வந்து எழுதுகிறேன்.

சந்தேகப்பேர்வழி

அதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டி விஷயத்தில் ஐயாவிடம் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குற்றம் மொழிபெயர்த்தவர்கள்மேல் இல்லை, நம் காதுமேல்தான். 'பலி' என்றாலே ரத்தம் என்று நாம்தான் ஆக்கிவிட்டோம். குறுந்தொகை 210-ல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டு கடைசியில் 'விருந்துவரக் கரைந்த காக்கையது பலியே' என்று முடியும். நெய்யும் சோறுமாகக் காக்கைக்கு வைக்கும் படையல்தான் அங்கே பலி. தேவாரத்தில் சிவன் ஊர் ஊராகப் பலி தேர்ந்து திரிகிறார், அது பிச்சைச் சோறு. பெருமாள் கோயிலில் கொடிமரத்துப் பக்கத்தில் பலிபீடம் இருக்கிறது, அங்கே யாரும் ஆடு வெட்டுவதில்லை, அன்னம்தான் வைக்கிறார்கள்.

அந்தப் பலி இன்று எங்கே வந்து நிற்கிறது? 'லாரி மோதி மூவர் பலி'. எவனும் எதையும் யாருக்கும் படைக்கவில்லை, லாரிக்காரன் தூங்கிவிட்டான், அதற்கும் பலி.

பழஞ்சுவடி

சந்தேகம் தம்பி, இதைக் கேளுங்கள். இன்றைய இஸ்ரேலில் பேசும் எபிரேயத்தில் கொர்பான் என்றால் பாதிக்கப்பட்டவர், உயிரிழந்தவர். விபத்தில் செத்தவர்களையும் குண்டுவெடிப்பில் செத்தவர்களையும் செய்தியில் கொர்பனோத் என்றுதான் சொல்வார்கள். லாரிச் செய்தி அப்படியே. சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல்லும், எபிரேயச் சொல்லும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் ஒரே பள்ளத்தில் போய் விழுந்திருக்கின்றன.

குழித்துறையான்

அப்போ எங்கள் குர்பானா மட்டும்தான் பழைய பொருளில் நிற்கிறது போல. அப்பமும் திராட்சரசமும்தான், ரத்தமில்லை. 'பலி' என்று நான் மேலே எழுதினதைத் திருத்திக்கொள்கிறேன்.

காயல்காற்று

எங்களுடையதும் நிற்கிறதே காக்கா. 'அவற்றின் மாமிசமோ ரத்தமோ இறைவனைப் போய்ச் சேராது, உங்கள் இறையச்சம்தான் சேரும்' என்று 22-ஆவது அத்தியாயத்தில் இருக்கிறது. கறியை மூன்றாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. அக்ரபா என்றால் நெருங்கிய உறவினர், அதுவும் இதே வேர்.

ஒற்றைப்பனை

எல்லாம் அருமையாகப் போகிறது, ஆனால் என் கேள்வி அப்படியே கிடக்கிறது! மகன் காசைக் கொடுத்தானா இல்லையா?

பழஞ்சுவடி

கொடுக்கவில்லை அம்மா. கொடுக்கத் தேவையே இல்லை. அதுதான் விஷயம்.

அய்யனார்குதிரை சொன்ன கிடாவை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுளுக்கு என்று ஆன பொருளை மனிதன் தொடக்கூடாது. அந்தத் 'தொடக்கூடாது' என்ற பாதியை மட்டும் தனியே கழற்றி எடுத்து ஆணையிடுவதற்குப் பயன்படுத்தினார்கள். ஒருவன் இன்னொருவனைப் பார்த்து 'என் சோறு உனக்குக் கொர்பான்' என்றால், சோற்றைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டான் என்று பொருளில்லை. 'உன்னைப் பொறுத்தவரை என் சோறு கோயில் பொருள் மாதிரி, நீ தொடக்கூடாது' என்று பொருள். மற்றவர்கள் சாப்பிடலாம், சொன்னவனே சாப்பிடலாம், நீ மட்டும் கூடாது.

இது என் ஊகமில்லை. மிஷ்னா என்று யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பு, கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது, அதில் நெதாரீம் என்று ஒரு பகுதி முழுக்கப் பொருத்தனைகளைப் பற்றியது. அதில் ஒரு வழக்கு வருகிறது (மூன்றாம் அதிகாரம்). ஒருவன் தன் தோட்டத்து அத்திப்பழத்தைச் சிலர் தின்றுகொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கிறான். கோபத்தில் 'அது உங்களுக்குக் கொர்பான்!' என்று கத்திவிடுகிறான். கிட்டப் போய்ப் பார்த்தால் அவனுடைய அப்பாவும் அண்ணன் தம்பிகளும், கூட வேறு சிலரும். ஐயோ! இங்கே யூதச் சட்ட அறிஞர்களில் இரண்டு பள்ளி. ஷம்மாய் பள்ளியார் சொன்னார்கள்: அப்பாவும் சகோதரர்களும் சாப்பிடலாம், கூட இருந்தவர்களுக்குத்தான் தடை. ஹில்லேல் பள்ளியார் சொன்னார்கள்: தெரியாமல் சொன்ன பொருத்தனை, எல்லோருமே சாப்பிடலாம். கவனியுங்கள், அந்தப் பழம் எருசலேமுக்குப் போகிறதா என்று யாருமே கேட்கவில்லை. அது வேலியடைக்கும் சொல், அவ்வளவுதான்.

கல்லில் எழுதின சான்றும் இருக்கிறது. எருசலேமுக்குத் தெற்கே ஒரு கல்லறையில் எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது, இயேசு காலத்தை ஒட்டியது, 1950-களில் அதன் எழுத்தைப் படித்து வெளியிட்டார்கள். அரமேய மொழியில் எழுதியிருப்பதன் சாரம்: 'இந்தப் பெட்டியில் ஒருவன் தனக்குப் பயன்படும் என்று எதைக் கண்டாலும் அது உள்ளே இருப்பவரிடமிருந்து கடவுளுக்குக் கொர்பான்.' எலும்பைக் கோயிலுக்கா கொடுப்பார்கள்? திருடாதே, தொட்டால் கடவுள் சொத்தைத் தொட்டவனாவாய் என்று மிரட்டல். மாற்கில் மகன் பேசும் வாக்கியத்தின் அமைப்பும் கிட்டத்தட்ட இதேதான்: உனக்கு என்னால் ஆகக்கூடிய பயன் எதுவோ அது கொர்பான்.

ஆக அந்த மகன் காசைத் தன் இடுப்பிலேயே முடிந்துகொண்டு, அப்பா அம்மாவுக்கு மட்டும் கதவை அடைத்தான். உங்கள் கணக்கு சரி, கஞ்சனுக்கு லாபம்தான். 'காணிக்கையாகக் கொடுக்கிறேன்' என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்; கிரேக்க மூலத்தில் 'கொடுக்கிறேன்' என்ற வினையே இல்லை, 'கொர்பான், அதாவது காணிக்கை' என்று வெறும் பெயர்ச்சொல்தான். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'கொர்பான் ஆயிற்று' என்று போட்டிருப்பது மேல்.

ஒற்றைப்பனை

'பணம் என் கணக்கில்தான் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இல்லை.' ஐயா, இரண்டாயிரம் வருடம் முந்தின ஆள் பேசுகிற மாதிரி இல்லை, போன மாதம் போனில் கேட்டது மாதிரி இருக்கிறது.

சந்தேகப்பேர்வழி

கிட்டே கொண்டுவருவது என்று பொருள்படும் சொல்லை வைத்துப் பெற்றவர்களை எட்ட நிறுத்தியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய நக்கல் வேறு இல்லை.

பழஞ்சுவடி

நக்கல் இன்னும் ஆழமாகப் போகிறது. லேவியராகமம் 21-ல் ஆசாரியன் யார் சாவுக்குத் தீட்டுப்படலாம் என்று ஒரு பட்டியல் வருகிறது. தனக்குக் 'காரோவ்' ஆன இரத்த உறவு என்று தொடங்கி, முதலில் வருவது தாய், அடுத்தது தகப்பன். அதாவது சட்டப்படியே காரோவ் என்றால் முதலில் அம்மா.

குழித்துறையான்

எனக்கு ஒரு சந்தேகம், மத்தேயு 27-ல் யூதாஸ் வீசின முப்பது வெள்ளிக்காசைக் 'காணிக்கைப்பெட்டியிலே போடலாகாது' என்று பிரதான ஆசாரியர்கள் சொல்கிறார்களே, அங்கேயும் இந்தச் சொல் உண்டா?

பழஞ்சுவடி

உண்டு, நல்ல கேள்வி. அங்கே கிரேக்கத்தில் 'கொர்பனாஸ்'. ஆலயக் கருவூலம் என்ற பொருள். யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியரும் அந்தச் சொல்லை எழுதுகிறார். ரோம ஆளுநர் பிலாத்து எருசலேமுக்குத் தண்ணீர் கொண்டுவர வாய்க்கால் கட்டும்போது இந்தக் கொர்பனாஸ் பணத்தில் கைவைத்தான், ஜனங்கள் திரண்டு கூச்சல் போட்டார்கள், அவன் சிப்பாய்களை மாறுவேடத்தில் கூட்டத்துக்குள் விட்டுத் தடியால் அடிக்க வைத்தான், நிறையப் பேர் செத்தார்கள். அங்கே மட்டும் நிஜமாகவே கோயிலுக்குப் போன காசு. ஒரே சொல், கருவூலத்துக்கும் பெயர், ஆணைக்கும் பெயர். உங்கள் கூட்டத்தில் பேசியவர் இரண்டையும் சேர்த்துப் பிசைந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ரொம்பக் குற்றம் சொல்ல முடியாது, பல விளக்கவுரைகளே அப்படித்தான்.

அய்யனார்குதிரை

அப்போ பரிசேயர்கள் எல்லோருமே 'பெற்றவர்களை விட்டுவிடு' என்று சொன்னவர்களா? அத்திப்பழக் கதையில் ஹில்லேல் ஆட்கள் தாராளமாகத்தானே இருக்கிறார்கள்.

பழஞ்சுவடி

இதை நானே எழுத வேண்டும் என்று இருந்தேன். எல்லோரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. அவர்களுக்கு இருந்த சிக்கல் நிஜமான சிக்கல். கடவுள் பெயரால் வாய்விட்டுச் சொன்னதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் மோசே சட்டம்தான், எண்ணாகமம் 30. பெற்றவர்களைக் கனம்பண்ண வேண்டும் என்பதும் மோசே சட்டம்தான். இரண்டும் முட்டிக்கொண்டால்? நெதாரீம் ஒன்பதாம் அதிகாரத்தில் ரபி எலியேசர், தாய் தகப்பன் கனத்தைக் காரணம் காட்டியே பொருத்தனையை அவிழ்க்கலாம் என்கிறார். மற்ற அறிஞர்கள் பொதுவாக அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் விவகாரமே மகனுக்கும் பெற்றவர்களுக்கும் இடையில் என்றால் அவிழ்க்கலாம் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். மிஷ்னாவின் இந்த முடிவு இயேசுவின் பக்கம்தான் நிற்கிறது. மாற்கு காட்டும் ஆட்கள் அவிழ்க்க மறுத்த கூட்டம்.

ஆனால் அவிழ்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நூலில் ஒரு கதை இருக்கிறது, ஐந்தாம் அதிகாரம் கடைசியில். எனக்கு மிஷ்னாவிலேயே பிடித்த இடம் இது.

பெத்ஹோரோன் என்ற ஊரில் ஒரு ஆள். பொருத்தனை காரணமாக அவனுடைய அப்பா அவனிடமிருந்து எதுவும் அனுபவிக்கக்கூடாது என்று ஆகியிருந்தது. இப்போது இவன் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறான். தாத்தா இல்லாமல் பேரன் கல்யாணமா? கூப்பிடவும் முடியாது, இவன் சோற்றில் கை வைத்தால் பொருத்தனை முறிந்துவிடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான். நண்பனைக் கூப்பிட்டு, 'இந்த முற்றத்தையும் விருந்துச் சாப்பாட்டையும் உனக்கே கொடுத்துவிட்டேன், அப்பா வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடத்தான் இது' என்றான். சோறு நண்பனுடையது, அப்பா நண்பனிடம்தான் சாப்பிடுகிறார், தடையில்லை. நண்பன் கேட்டான்: 'என்னுடையதுதானே? அப்படியென்றால் எல்லாவற்றையும் பரலோகத்துக்கு நேர்ந்துவிட்டேன்.' முடிந்தது. இப்போது யாருமே தொட முடியாது. இவன் பதறிப்போய், 'நேர்ந்துவிடவா உன்னிடம் கொடுத்தேன்?' என்றான். நண்பன் பதில்: 'நீயும் உன் அப்பாவும் தின்று குடித்து ராசியாகிக்கொள்ள, பாவம் மட்டும் என் தலையில் தொங்கவா எனக்குக் கொடுத்தாய்?'

வழக்கு அறிஞர்களிடம் போனது. அவர்கள் தீர்ப்பு: வாங்கினவன் நேர்ந்துவிட்டால் அது செல்லாது என்கிற மாதிரி கொடுக்கப்பட்ட கொடை, கொடையே இல்லை.

காயல்காற்று

அந்த நண்பனை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எல்லா ஊர்க் கல்யாணத்திலும் ஒருத்தன் இருக்கிறான்.

சந்தேகப்பேர்வழி

சட்டம் படிக்கிற பையன்களுக்கு இதைப் பாடமாக வைக்கலாம். பினாமி கொடை செல்லாது! என்ன, பேரன் கல்யாணச் சோறுதான் நடுவில் மாட்டிக்கொண்டது.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரே வேண்டுகோள், ஒற்றைப்பனை அக்காவின் குடும்ப விஷயத்தில் யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டாம், தனிமடலில் சிலர் அனுப்பியதாகப் புகார் வந்தது.

குழித்துறையான்

ஐயா, கடைசியாக ஒன்று. கொர்பான் என்று எழுதின பாத்திரம் ஏதோ கிடைத்ததாக எங்கோ படித்தேன், உண்மையா?

பழஞ்சுவடி

உண்மை. எருசலேம் ஆலய மேட்டின் தெற்குச் சுவரை ஒட்டித் தோண்டியபோது கல் பாத்திரத் துண்டு ஒன்று கிடைத்தது, அதில் கொர்பான் என்று கீறி, பக்கத்தில் இரண்டு பறவைகளைக் கிறுக்கலாக வரைந்திருக்கிறார்கள். ஏழைகள் கொண்டுவருவது புறா ஜோடி; மரியாள் பிள்ளை பெற்ற பிறகு கொண்டுபோனதும் அதுதான் என்று லூக்கா எழுதுகிறார். புறாவுக்கும் வழியில்லாதவன் பாவநிவாரணத்துக்கே எப்பா என்னும் அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவந்தால் போதும் என்று லேவியராகமம் 5:11 சொல்கிறது. ரத்தமில்லாத பாவநிவாரண பலி! இதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மிஷ்னாவில் இந்த மாதிரிப் பாத்திரத்துக்கும் விதி இருக்கிறது: கொர்பான் என்று எழுதின பாத்திரம் கண்டெடுத்தால், மண்பாத்திரம் என்றால் உள்ளே இருப்பதுதான் கொர்பான், பாத்திரம் சாதாரணம், உலோகம் என்றால் பாத்திரம்தான் கொர்பான், உள்ளே இருப்பது சாதாரணம் என்கிறார் ரபி யூதா. மண்சட்டியை யாரும் காணிக்கை வைக்க மாட்டார்கள் என்ற நடைமுறைக் கணக்கு.

ஒற்றைப்பனை

இரண்டு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, பழஞ்சுவடி ஐயாவுக்கு விசேஷமாக. கூட்டத்தில் அத்திப்பழக் கதையைச் சொன்னேன். பேசியவர் நல்ல மனுஷன், 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் திருத்திச் சொல்கிறேன்' என்றார். அண்ணனுக்கு இந்த இழையை அனுப்பலாமா என்று யோசித்து, அனுப்பவில்லை. அவருக்குப் பொருத்தனையை அவிழ்ப்பவர் தேவையில்லை, அதெல்லாம் அவருக்கே தெரியும்.

ஆனால் அம்மாவுக்கு நேற்று ராத்திரி பெத்ஹோரோன் கதையைச் சொன்னேன். மாத்திரை போட்டுக்கொண்டே கேட்டாள். தீர்ப்பு, கொடை எல்லாம் விளக்கினேன், அதில் அவளுக்குச் சுவாரசியம் இல்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: 'அதெல்லாம் சரிடி, அந்தக் கிழவர் கல்யாணத்தில் சாப்பிட்டாரா இல்லையா?'

ஐயா, அது எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

பழஞ்சுவடி

இல்லை அம்மா. தீர்ப்போடு அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது.